களைக்கொல்லியும் கிணற்று நீரும்
(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர், ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



கிணற்றைப் பற்றிப் பேசாமல் சேலம், நாமக்கல் சமவெளியின் விவசாயத்தைப் பற்றிப் பேச இயலாது. 1997 ஜனவரி முதல் நாளில் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. எனினும் இரு மாவட்டங்களின் நிலத்தடியும் ஏறத்தாழ ஒரே தன்மையதாகும். பல இடங்களில் மேலே ஆழமில்லாத செம்மண். அதன் கீழே சிதைந்த பாறை. அதற்கும் கீழே வெடிப்புகள் ஓடும் கடினப்பாறை. அவ்வெடிப்புகளில் தங்கும் மழைநீரையே நம் முன்னோர் பாறையை உடைத்துத் தோண்டிய கிணறுகள் நமக்கு அளித்து வருகின்றன. காவிரி நீர் குழாய் வழியே வந்து சேர்ந்த பகுதிகளிலுங்கூட, காட்டுக் கொட்டாய்களிலும் தோட்டத்து வீடுகளிலும் வாழ்வோர் பலர் கிணற்று நீரையே பருகுகின்றனர்.

இக்கிணறுகளில் களைக்கொல்லி மருந்து கலந்துவிட்டால் அதனை நீக்க வழி உண்டா? களிமண்ணைப் போல ஏடு ஏடாக அமைந்த கனிமங்கள் அம்மருந்தை ஈர்த்துப் பிடித்து நீரைத் தூய்மையாக்கும் என்று விஞ்ஞானிகள் கூறுகின்றனரே, அது எவ்வளவு தூரம் உண்மை? ஊராட்சியின் நிதியைச் செலவிட்டு அத்தகைய வடிகட்டியை அமைக்கலாமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

களைக்கொல்லி வந்த காரணம்

களைக்கொல்லியைப் பயன்படுத்தும் விவசாயியைக் குறை கூற நாம் இங்கு வரவில்லை. மரவள்ளி, மக்காச்சோளம், கரும்பு, நிலக்கடலை, பருத்தி, வெங்காயம், மஞ்சள் ஆகிய எப்பயிராயினும் முதல் 40 நாட்களில் களையை அடக்காவிடில் விளைச்சல் குன்றும். களை பறிக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. ஒருவர் முதுகில் தெளிப்பானைச் சுமந்து ஒரு காலைப்பொழுதில் முடிக்கும் வேலையைப் பலர் பல நாட்கள் செய்ய வேண்டியுள்ளது. ஆகவே அட்ரசின், 2,4-டி, பெண்டிமெத்தலின், கிளைபோசேட், பாராகுவாட் என்னும் பெயர்கள் நம் சிற்றூர்களிலும் வழக்குச் சொற்களாகிவிட்டன.

இவை யாவும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். சில மருந்துகள் மண்ணில் பட்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். சில மண்ணில் ஒட்டாமல் மழைநீருடன் இறங்கும். அட்ரசின் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. மண்ணில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 2 மாதங்கள் ஆகலாம். களிமண்ணும் மக்கிய உரமும் குறைந்த நம் சரளைச் செம்மண் அதனை நெடுநேரம் தடுத்து வைக்காது.

ஒரு கிராமின் வலிமை

இந்தியக் குடிநீர்த் தரம் 2012ஆம் ஆண்டில் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்படி 1 லிட்டர் குடிநீரில் அட்ரசின் 2 மைக்ரோகிராமுக்கும், 2,4-டி 30 மைக்ரோகிராமுக்கும் மேற்படலாகாது. 1 கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே 1 மைக்ரோகிராம்.

இக்கணக்கை நம் கிணற்றில் வைத்துப் பார்ப்போம். 30 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் 20 அடி தண்ணீர் நின்றால் அது சுமார் 4 லட்சம் லிட்டராகும். அதில் 1 கிராம் அட்ரசின் கலந்தால் லிட்டருக்கு 2.5 மைக்ரோகிராம் ஆகிவிடும், வரம்பு கடந்துவிடும். நூற்றுக்கு 50 பங்கு மருந்துள்ள தூளாயின் 2 கிராம் தூளே இதற்குப் போதும். வெறும் பொட்டலத்தைக் கிணற்று மேட்டில் உதறுவதும், தெளிப்பானைத் தொட்டியில் கழுவி அந்நீரைக் கிணற்றுப் பக்கம் வழியவிடுவதும் எத்தகைய செயல்கள் என்பது இதனால் விளங்கும்.

இவ்வளவு சிறிய அளவில் கலந்த மருந்துக்கு நிறமில்லை, சுவையில்லை, மணமுமில்லை. பருகிய அன்றே நோய் தோன்றுவதும் இல்லை. நெடுங்காலம் நாள்தோறும் பருகுவோரின் உடல்நலத்தைக் கருதியே இத்தகைய வரம்புகள் வகுக்கப்படுகின்றன. ஐரோப்பிய நாடுகள் நிலத்தடி நீரில் எந்தப் பயிர்மருந்தும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று விதித்தன. அட்ரசினை அவ்வரம்புக்குள் நிறுத்த முடியாமற்போகவே, 2004இல் அதன் அனுமதியை விலக்கிக்கொண்டன.

தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறம் தேய்த்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பது நம் முன்னோர் கண்ட நல்ல முறை. ஆனால் அது மிதக்கும் மண்ணைப் படியவைக்குமேயன்றி, கரைந்த மருந்தை நீக்காது. காய்ச்சினாலும் நீர் ஆவியாகுமே தவிர இம்மருந்துகள் தங்கிவிடும். குளோரின் கிருமிகளைக் கொல்வதற்கு உரியது. இப்பணிக்கு அதனை நம்பலாகாது. ஆர்.ஓ. இயந்திரம் மருந்தின் பெரும்பகுதியைத் தடுக்கக்கூடும். ஆனால் அது ஒதுக்கித்தள்ளும் நீரில் அம்மருந்து முன்னிலும் செறிந்து வெளியேறும். அந்நீரை மீண்டும் கிணற்றருகே விட்டால் பயன் யாது?

மண் மருந்தைப் பிடிக்கும் விதம்

களிமண்ணுக்கு மருந்தைப் பிடிக்கும் ஆற்றல் உண்டு என்பதை விவசாயிகள் முன்பே அறிவர். வாய்க்காலில் ஓடும் கலங்கல் நீரில் பாராகுவாட்டையோ கிளைபோசேட்டையோ கலந்து அடித்தால் களை சரியாகக் காய்வதில்லை. ஏன்? நீரில் மிதக்கும் மண் துகள்கள், இலைக்குச் செல்லவேண்டிய மருந்தைத் தாமே பிடித்துக்கொள்கின்றன. பாராகுவாட் அருந்தியவர்களுக்கு மருத்துவமனையில் பென்டோனைட் முதலிய களிமண் வகைகளைக் கரைத்துக் கொடுத்ததும் இக்காரணம் பற்றியே.

களிமண்ணின் ஒரு சிறு துகள், நூலின் ஏடுகளைப்போல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட மிக மெல்லிய தகடுகளால் ஆனது. பென்டோனைட் என்னும் களிமண் 1 கிராமின் ஏடுகள் அனைத்தையும் பிரித்துப் பரப்பினால் 700 சதுர மீட்டர் வரை பரவும். 6 கிராம் எடுத்தால் ஏறத்தாழ ஓர் ஏக்கர் பரப்பு! அவ்வளவு பரப்பிலும் மருந்து ஒட்டிக்கொள்ள இடமுண்டு.

எனினும் எல்லா மருந்தும் எல்லா மண்ணிலும் ஒட்டாது. காந்தத்தின் ஒரு முனை மற்றதன் எதிர்முனையை இழுப்பதும், ஒத்த முனையைத் தள்ளுவதும் நாம் அறிந்தவை. மின்னேற்றமும் அவ்வாறே. களிமண் ஏடுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. பாராகுவாட் நேர்மின்னேற்றம் உடையது. ஆகவே களிமண் அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். 2,4-டி நீரில் கரைந்ததும் எதிர்மின்னேற்றம் பெறும். அதனைக் களிமண் தள்ளிவிடும். அட்ரசின் சாதாரணக் கிணற்று நீரில் எம்மின்னேற்றமும் அற்றது. அதனைப் பிடிப்பதில், தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்யப்படும் செயலூட்டிய கரியே கைகண்ட பொருளாகும். இன்ன மருந்துக்கு இன்ன கனிமம் என்று அறியாமல் வடிகட்டி அமைப்பது, நோயை அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

சேலத்து வெள்ளைக்கல்

2,4-டியைப் போன்ற மருந்துகளைப் பிடிக்க, நேர்மின்னேற்றமுள்ள ஏடுகளைக் கொண்ட கனிமம் தேவை. அத்தகைய கனிமம் ஒன்று நார்வே நாட்டில் 1842இல் கண்டு விவரிக்கப்பட்டது. ஹைட்ரோடால்சைட் என்பது அதன் பெயர். மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஏடுகளும், அவற்றிடையே கார்பனேட்டும் நீரும் கொண்டது அது. இயற்கையில் அரிதாகக் கிடைப்பினும், ரசாயன முறையில் இதனைச் செயற்கையாகச் செய்ய இயலும்.

இதற்கு வேண்டிய மூலப்பொருள்கள் இரண்டும் நம் மண்ணுக்குப் புதியன அல்ல. சேலம் நகரை அடுத்த செட்டிச்சாவடி, கருப்பூர்ப் பகுதிகளில் வெட்டப்பட்ட வெள்ளைக்கல் என்னும் மாக்னசைட், மக்னீசியத்தின் கார்பனேட்டாகும். அதனைச் சூளையிலிட்டு எரித்தே உருக்காலை உலைகளுக்கான தீச்செங்கல்லுக்குரிய மக்னீசியாவை ஆக்குகின்றனர். சேர்வராயன் மலையிலும் கொல்லி மலையிலும் அலுமினியத்தின் தாதுவாகிய பாக்சைட் முன்னர் வெட்டியெடுக்கப்பட்டது. மேட்டூரில் 1965இல் அலுமினியத் தொழிற்சாலையும் தோன்றியது.

இக்கனிமத்திற்கு வியத்தகு குணம் ஒன்று உண்டு. அதனை 450 முதல் 500 டிகிரி வரை சூடாக்கினால் ஏடுகளிடையே உள்ள கார்பனேட்டும் நீரும் வெளியேறி, ஏடமைப்பு குலைந்துவிடும். மீண்டும் நீரில் இட்டால் அது தன் பழைய வடிவை நினைவுகூர்ந்தாற்போல் ஏடுகளைக் கட்டிக்கொள்ளும். அவ்வாறு கட்டும்போது, நீரிலுள்ள எதிர்மின்னேற்றப் பொருள்களை ஏடுகளிடையே இழுத்து வைத்துக்கொள்ளும். 2,4-டி, கிளைபோசேட் முதலியவற்றை இம்முறையில் நீரிலிருந்து பிரிக்க இயலும் என்பது ஆய்வுக்கூடங்களில் நிறுவப்பட்டுள்ளது.

அப்படியானால் வெள்ளைக்கல்லை உடைத்துக் கிணற்றில் போட்டால் போதுமா என்று கேட்பவர் உண்டு. போதாது. வெள்ளைக்கல்லுக்கு இவ்வேடமைப்பு இல்லை. அலுமினியத்துடன் தக்க அளவில் சேர்த்து ரசாயன முறையில் ஆக்கிய பின்னரே அது இப்பணிக்கு உதவும். கல்லைக் கொட்டினால் கிணறு தூருமேயன்றி நீர் தூய்மையாகாது.

கடின நீர் என்னும் தடை

ஆய்வுக்கூடத்தில் வெற்றி பெற்ற பொருள் நம் கிணற்று நீரிலும் அவ்வாறே பணிபுரியுமா? இங்குதான் நாம் நிதானித்து எண்ணவேண்டும். ஆய்வாளர் தொடக்கத்தில் காய்ச்சி வடித்த தூய நீரில் மருந்தைக் கலந்து சோதிப்பது வழக்கம். நம் கிணற்று நீரோ சோற்றுப்பானையில் வெள்ளைப் படிவை விட்டுச் செல்லும் கடின நீர். அதில் பைகார்பனேட்டு, சல்பேட்டு, குளோரைடு, நைட்ரேட்டு ஆகியவை மிகுந்துள்ளன. இவையும் எதிர்மின்னேற்றம் கொண்டவையே. இவற்றுள்ளும் கார்பனேட்டின்மீது ஹைட்ரோடால்சைட்டுக்குப் பெருவிருப்பம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். 1,000 பேர் வாழும் ஊருக்குக் குடிக்கவும் சமைக்கவும் தலைக்கு 8 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 8,000 லிட்டர் நீர் வேண்டும். அந்நீரில் 2,4-டி வரம்புக்கு இருமடங்காக, அதாவது லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் இருப்பதாகக் கொள்வோம். ஓராண்டில் வடிகட்டி பிடிக்கவேண்டிய மருந்து ஏறத்தாழ 175 கிராமே. ஆனால் அதே நீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் பைகார்பனேட்டு இருந்தால், ஓராண்டில் வடிகட்டியின் வழியே செல்லும் பைகார்பனேட்டு 876 கிலோவாகும். ஒரு மருந்துத் துகளைப் பிடிக்கக் காத்திருக்கும் வாயிலில் அதனினும் 5,000 மடங்கு எடையுள்ள கூட்டம் முந்திக்கொண்டு நுழைகிறது! ஆகவே நம் ஊர்க் கிணற்று நீரிலேயே சோதித்துக் காட்டாத எப்பொருளையும் நம்பி ஊராட்சிப் பணத்தைச் செலவிடலாகாது.

வேறொரு இடரும் உண்டு. வடிகட்டியிலுள்ள கனிமம் மேலிருந்து கீழாகச் சிறுகச் சிறுக நிறைந்து, ஒருநாள் முற்றும் நிறைந்துவிடும். அந்நாளில் மணி அடிக்காது. நீரின் நிறமும் மாறாது. குழாயில் நீர் வழக்கம்போல் வந்துகொண்டிருக்கும். மருந்தும் உடன் வரும். சில வேளைகளில் முன்பு பிடித்த மருந்தையே நிறைந்த கனிமம் திருப்பி விட்டுவிடக்கூடும். தூய நீர் என்று நம்பிப் பருகுவோர்க்கு இது வடிகட்டி இல்லாத நிலையினும் கேடாகும்.

அண்டை மாவட்டங்கள் தரும் பாடம்

நம் வடக்கே உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரிலுள்ள புளூரைடு, பற்களில் கறையையும் எலும்புகளில் நோயையும் விளைவித்தது. புளூரைடை நீக்கும் முறைகள் நாட்டில் முன்னரே இருந்தன. படிகாரமும் சுண்ணாம்பும் இட்டுப் பிரிக்கும் நலகொண்டா முறையை நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தளித்தது. செயலூட்டிய அலுமினாவும் புளூரைடை ஈர்த்துப் பிடிக்கும். ஆனால் முதல் முறைக்கு நாள்தோறும் சரியான அளவில் பொருள் இட ஆள் வேண்டும். இரண்டாவதற்கு அலுமினா நிறைந்ததும் காரத்தாலும் அமிலத்தாலும் கழுவிப் புதுப்பிக்க ஆள் வேண்டும். இறுதியில் அம்மாவட்ட மக்களுக்குக் காவிரியின் நல்ல நீரைக் கொண்டு சேர்க்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் நாட்டின் கடனுதவியுடன் நிறைவேறி, 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? கெட்ட நீரைத் திருத்துவதற்கு முன், நல்ல நீர் அருகில் உண்டா என்று பார்க்கவேண்டும். திருத்தியே ஆகவேண்டுமெனில், பொருளை வாங்கும் நாளிலேயே அதனைப் பேணும் ஆளையும் ஏற்பாடு செய்யவேண்டும்.

பணம் ஒதுக்குமுன் கேட்கவேண்டியவை

வடிகட்டி அமைக்கத் தீர்மானம் கொண்டுவருவோர் பின்வரும் ஐந்து வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறுவார்களாக.

1. நீரில் இருக்கும் மருந்து எது, எவ்வளவு? மகளிர் குழுவினரிடம் உள்ள களப் பரிசோதனைப் பெட்டி நைட்ரேட்டு, புளூரைடு, கடினத்தன்மை ஆகியவற்றைக் காட்டும்; களைக்கொல்லியைக் காட்டாது. அதற்குரிய கருவிகள் கொண்ட ஆய்வுக்கூடத்திற்கே மாதிரியை அனுப்பவேண்டும். குடிநீர் வடிகால் வாரிய அலுவலர்களையும், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சிமருந்து நச்சியல் ஆய்வுக்கூடத்தையும் கலந்து கேட்கலாம். நைட்ரேட்டு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்ட வயற்கிணறுகளை முதலில் சோதிப்பது தகும்; உரம் இறங்கிய வழியே மருந்தும் இறங்கியிருக்கக்கூடும்.

2. விற்போர் காட்டும் கனிமம் அம்மருந்தைப் பிடிக்கவல்லதா? நம் கிணற்று நீரிலேயே அது சோதிக்கப்பட்டதா?

3. எத்தனை லிட்டர் நீருக்குப் பின் கனிமத்தை மாற்றவேண்டும்? அந்த அளவைக் காட்டும் மீட்டர் உண்டா?

4. மாற்றுவது யார் பொறுப்பு? ஆண்டுதோறும் அதற்காகும் செலவுக்கு நிதி எங்கிருந்து வரும்?

5. மருந்து நிறைந்த பழைய கனிமத்தை எங்கே சேர்ப்பது? அதனைக் குப்பைமேட்டில் கொட்டினால், அடுத்த மழையில் மருந்து மீண்டும் நீரை நோக்கியே புறப்படும்.

ஐந்தில் ஒன்றுக்கு விடை இல்லையெனினும் தீர்மானத்தைத் தள்ளி வைப்பதே நலம்.

கிணற்றுக்கு வெளியே காவல்

வடிகட்டி இல்லாமலே நாம் இன்று செய்யக்கூடிய காரியங்கள் பல உண்டு. மருந்து கலக்கும் இடத்தைக் கிணற்று மேட்டிலிருந்து அகற்றுவது முதற்கடமை. நீரைக் குடத்திலோ பீப்பாயிலோ எடுத்துச் சென்று எட்டத்தில் கலக்கவேண்டும். மருந்துத் தொட்டிக்குள் குழாயின் முனையை மூழ்கவிடலாகாது; மோட்டார் நின்றதும் மருந்து கிணற்றுக்கே திரும்பிவிடும். காலிப் புட்டியை மும்முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயிருக்கே அடித்துவிடவேண்டும். 1971ஆம் ஆண்டின் பூச்சிமருந்து விதிகளும் கழுவிய நீரால் நீர்நிலை கெடலாகாது என்றும், காலிக் கலங்களை மறுபடி பயன்படாதவாறு உடைத்துக் குடியிருப்புக்கு அப்பால் புதைக்கவேண்டும் என்றும் கூறுகின்றன. மழை திரண்டிருக்கும் நாளில் மருந்து அடிக்கலாகாது. கிணற்றைச் சுற்றிச் சில அடி அகலத்திற்குப் புல் வளர விட்டு, அங்கே களையைக் கையாலேயே அகற்றவேண்டும்.

சுவீடன் நாட்டு விவசாயிகள் 1990களின் தொடக்கம் முதல் கையாண்டு வரும் எளிய முறை ஒன்று நமக்கும் ஏற்றது. கிணற்றுக்கு எட்டத்தில், மழைநீர் புகாத மேட்டுப் பாங்கில் 2 அடி ஆழக் குழி எடுக்கின்றனர். அடியில் 4 அங்குலம் களிமண்ணை மிதித்துப் பரப்புகின்றனர். அதன்மேல் நறுக்கிய வைக்கோல் இரண்டு பங்கு, மண் ஒரு பங்கு, முற்றிய கரி மண் எனப்படும் சதுப்புநில மக்கு ஒரு பங்கு கலந்து 20 அங்குலம் நிரப்பி, மேலே புல் வளர்க்கின்றனர். சதுப்பு மக்குக்குப் பதிலாக நாம் நன்கு மக்கிய தொழு உரத்தை இடலாம். தெளிப்பானை நிரப்புவதும் கழுவுவதும் இக்குழியின்மீதே நடைபெறும். சிந்திய மருந்தைக் கலவை பிடித்து நிறுத்த, வைக்கோலில் வளரும் நுண்ணுயிர்கள் 2,4-டியைப் போன்ற மருந்துகளைச் சிதைத்துவிடும். அடியிலுள்ள களிமண் நீர் கீழே இறங்குவதைத் தடுக்கும். கலவை தணியுந்தோறும் புதிதாக நிரப்பவேண்டும், அவ்வளவே. வடிகட்டி பிடிப்பதோடு நின்றுவிடும். இக்குழி பிடித்ததை அழிக்கவும் செய்யும்.

வயலுக்கும் இதே நெறி பொருந்தும். தொழு உரமும் ஏரி வண்டலும் இட்ட செம்மண், மருந்தை வேர்ப்பகுதியிலேயே நிறுத்தி நுண்ணுயிர்களுக்கு இரையாக்கும். விலையின்றிக் கிடைக்கும் ஏடடுக்குக் கனிமம் நம் ஏரிகளின் வண்டலில் இருக்கிறது. அதனைக் கிணற்றில் இடவேண்டா, வயலில் இடுவோம்.

அன்பர்களே! மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் கிராம சபையில் ஒவ்வோர் ஊரும் ஒரு பட்டியலை முன்வைக்கட்டும்: குடிநீருக்குப் பயன்படும் கிணறுகள் எவை, அவற்றின் அருகே எந்த மருந்து அடிக்கப்படுகிறது, மருந்து கலக்கும் இடம் எங்கே உள்ளது. அப்பட்டியல் கையில் இருந்தால் எக்கிணற்று நீரைச் சோதிப்பது, எங்கே குழி அமைப்பது, எவ்வூருக்கு மாற்று நீர் கேட்பது என்பன தாமே தெளிவாகும். விஞ்ஞானிகள் கண்ட கனிமங்கள் நாளை நம் ஊர்களுக்கு ஏற்ற வடிவில் வரும்போது அவற்றை வரவேற்போம். அதுவரை, இரண்டு கிராம் தூளுக்குக் கெட்டுப்போகும் கிணற்றை அவ்விரண்டு கிராமிலிருந்து காப்பது நம் கையில்தான் இருக்கிறது.